ஏழாவது பீப்பாய்

கம்பம் பள்ளத்தாக்கில் செபஸ்தியம்மாள் என்றொரு ஒயின்காரி இருந்தாள். திராட்சைக் கொத்தை மோந்து பார்த்தே, அது எந்தக் கிழமை மழையில் நனைந்தது என்று சொல்லிவிடுவாள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

அவளிடம் தொழில் கற்க வந்தவர் இன்னாசிமுத்து. அவளைவிட இருபது வயது மூத்தவர். ஒரு காலத்தில் அவள் படித்த பள்ளிக்கே தலைமை ஆசிரியர்.

அந்த வருடம் ஏழு பீப்பாய் ஒயின். ஆறு நல்ல ரகம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழாவதோ எப்படியோ அபாரமாக விளைந்துவிட்டது. மூடியைத் திறந்தபோது எட்டிப் பார்த்த தேனீ ஒன்று மூன்று நாள் பின்பக்கமாகவே பறந்துகொண்டிருந்தது.

வட்டார ஒயின் போட்டிக்கு இரண்டு பாட்டில் அனுப்ப வேண்டும். நான்கு வருடமாக வெறுங்கை. இந்த முறை தங்கப் பதக்கம்தான் என்று இன்னாசிமுத்து டீக்கடை டீக்கடையாகச் சொல்லி வைத்திருந்தார். வராவிட்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

“ஏழாவதுல இருந்து ரெண்டு பாட்டில் பிடிச்சு அனுப்பிடலாமாம்மா?”

“லேபிள்?”

“எல்லாத்துக்கும் ஒட்டுற அதே லேபிள்தான். யாருக்குத் தெரியப்போகுது?”

“ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்டர் வந்தா என்ன செய்வீங்க சார்?”

அவர் முகம் மலர்ந்தது. “நல்லாப் படிக்கிற புள்ளைங்கள மட்டும் உட்கார வைப்பேன். மக்குகளுக்கெல்லாம் அன்னைக்குக் காய்ச்சல்னு சொல்லி வீட்டுலயே இருக்கச் சொல்லிருவேன். முப்பது வருஷம், ஒருத்தன் ஒரு குறை எழுதினதில்ல!”

“தெரியும் சார். எனக்கு மூணு வருஷமும் காய்ச்சல்.”

இன்னாசிமுத்து கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

செபஸ்தியம்மாள் எழுந்து போய் ஏழாவது பீப்பாயில் குழாயைச் செருகினாள். மறுமுனையைப் பெரிய தொட்டியில் விட்டாள். அங்கே மற்ற ஆறும் ஏற்கெனவே கலந்து கிடந்தன.

“ஐயையோ! என்ன காரியம்மா பண்றீங்க? தங்கம் போகுது, தங்கம்!”

“கத்தாதீங்க சார். ஒயின் பயந்துரும்.”

கடைசிச் சொட்டும் இறங்கியது. தொட்டியை நன்றாகக் கலக்கி, பாட்டில்களில் நிரப்பி, லேபிள் ஒட்டினார்கள். இன்னாசிமுத்து துக்க வீட்டுக்காரர்போல இரண்டை எடுத்து அனுப்பினார்.

வெண்கலம் வந்தது.

அவர் டீக்கடைகளைத் தவிர்த்து, மூன்று தெரு சுற்றி வேலைக்கு வந்தார்.

“ஏழாவத அனுப்பியிருந்தா தங்கம் வந்திருக்கும்மா.”

“ஆமா சார். தங்கம்தான்.”

“வருத்தமா இல்லையா உங்களுக்கு?”

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. குமுளிக்குப் போகிற குடும்பம். பெரியவர் இறங்கினார்.

“பேப்பர்ல பார்த்தோம். ஜட்ஜுங்க குடிச்சாங்களே, அச்சு அசலா அதே ஒயின்தான் வேணும். ஆறு பாட்டில். வேற எதையாவது தலையில கட்டிராதீங்க!”

இன்னாசிமுத்து கிடங்குக்குள் ஓடினார். தரையிலிருந்து கூரைவரை இரண்டாயிரம் பாட்டில். கை நீட்டியவர் அப்படியே நின்றார்.

“அம்மா, எதைக் கொடுக்க?”

வெளியிலிருந்து செபஸ்தியம்மாளின் குரல் வந்தது.

“கண்ணை மூடிக்கிட்டு எடுங்க சார்.”