தூக்காத கறி

லாரிச் சாமி சாமியாராவதற்கு முன்னால் மரக்கட்டை லாரி ஓட்டினார். பெயர் வந்த கதை அவ்வளவுதான். மலேசியாவில் பேராக் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், முனீஸ்வரர் கோவிலை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு இருந்தார். வயது நாற்பத்தைந்துகூட இருக்காது. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களை அவர் 'அண்ணே' என்பார், அவர்கள் அவரை 'சாமி' என்பார்கள். பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

சாமி கறி தின்ன மாட்டார். தின்கிறவனை ஏன் தின்கிறாய் என்று கேட்கவும் மாட்டார். தங்கையா அவரிடம் சீடராக நீடித்ததே அதனால்தான்.

தங்கையாவுக்கு அறுபது நெருங்குகிறது. துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர். அக்கம்பக்கத்துச் சிறுதோட்டங்களில் செம்பனைக் கன்றின் குருத்தைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, தீபாவளி, வாய்ச்சண்டை எல்லாமே தங்கை செல்லாயி வீட்டில்தான். கொஞ்ச நாளாக அதுவும் நின்றுபோயிருந்தது.

ஒரு நாள் காலையில் தன் பழைய பிக்கப் வண்டியைக் கொட்டகை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"சாமி, வண்டி பின்னால பன்னி தூக்க, வடத்தைச் சுத்தி இழுக்கிற வின்ச் ஒண்ணு வைக்கணும். கையால சுத்துறது ஒண்ணு இருக்கு. பேட்டரியில ஓடுறது ஒண்ணு இருக்கு. எது நல்லது?"

"கூட எத்தனை பேர் வருவாங்க?"

"யாரும் வேணாம்னுதான் சாமி வைக்கிறதே."

சாமி வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

யாரும் வேண்டாம் என்று தங்கையா சொல்ல ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த ஊர் வழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும்.

ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்திலிருந்தே அங்கே பன்றி விழுந்தால் கம்பில் கட்டித் தோளில் தூக்கி வருவார்கள். தோள் கொடுத்தவனுக்கு ஒரு பங்கு. சுட்டவனுக்குத் தலையும் ஒரு பங்கும். சைக்கிளில் எதிரே வருகிறவன் இறங்கிக் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தாலும் அவனுக்கும் பங்குதான். நடக்க மாட்டாத கிழவிகள் லயத்து வீட்டு வரிசை முனையில் நின்று கம்பை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போவார்கள். தொட்டாலும் தூக்கினதுதான். யாரும் கேட்டு வாங்குவதில்லை, வாங்கிக்கொண்டு யாரும் நன்றி சொல்வதும் இல்லை.

போன மழைக்காலத்தில் ஓடைக்குள் விழுந்த ஒரு பெரிய பன்றியை இப்படித் தூக்கி வரும்போது, செல்லாயியின் புருஷன் இருளப்பன் வழுக்கி விழுந்தார். கம்பு சரிந்து பன்றி திரும்ப ஓடைக்கே போய்விட்டது. முழங்கால் சிராய்த்து எழுந்து நின்ற மனுஷனைப் பார்த்துத் தங்கையா சொன்னார்: "தூக்கத் துப்பில்ல. பங்குக்கு மட்டும் முதல் ஆளா வந்து நிப்பே."

அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். வாய் தவறி வந்த சொல் என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாதபடி நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

இருளப்பன் திரும்ப ஓடைக்குள் இறங்கினார். பன்றி மறுபடி மேடேறும்வரை தோள் கொடுத்தார். பங்கு போடும்போது ஆளைக் காணோம். அதற்கப்புறம் தங்கையா கூப்பிட்டால் மற்றவர்களுக்கும் ஏதாவது வேலை வந்துவிடும். ஒருத்தருக்கு இடுப்புப் பிடிப்பு, ஒருத்தர் வீட்டுக்கு விருந்தாளி. தங்கையாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இவன்கள் தோள் இல்லாவிட்டால் என்ன, இரும்பு தூக்காதா?

சாமி ஒரு குச்சியை எடுத்துத் தரையில் கோடு போட்டார்.

"ஆளே வேணாம்னா பேட்டரி வின்ச்தான் அண்ணே. வடத்தைத் தாங்குற இந்தத் தூக்குக் கையைப் பக்கவாட்டுல வைக்காதீங்க. பளு தொங்கினா வண்டி சாயும். பின்பக்கம் நடுவுல வைங்க. தூக்கும்போது கீழ ரெண்டு இரும்புக் கால் ஊன்றணும். இல்லாட்டி முன்சக்கரம் மேல எழும்பிரும்."

"சரி சாமி."

"கம்பி வடம் நீளமா வாங்குங்க. ஓடையில விழுந்தா இழுத்து ஏத்தணும்ல."

தங்கையாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கூடவே சின்ன ஏமாற்றமும் இருந்தது. சாமி உபதேசம் பண்ணுவார் என்று நினைத்து வழியெல்லாம் பதில் தயார்பண்ணிக்கொண்டு வந்திருந்தார். 'நாளைக்கு நீங்க செத்தா தூக்க நாலு பேர் வேணாமா' என்று சாமி கேட்பார், 'அதுக்கும் இந்த வின்ச்சே போதும் சாமி' என்று சொல்லிவிட வேண்டும் என்பது திட்டம். சாமி கேட்டால்தானே.

டவுன் பட்டறையில் சொன்னபடி கட்டிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஒரு விடியற்காலையில் ஊர்க்காரர் பக்கிரியின் தோட்டத்தில் ஒரு கொழுத்த பன்றி விழுந்தது. விழுந்ததும் ஓடைச் சரிவில்தான். தங்கையா வண்டியைப் பின்னால் எடுத்து, கால்களை ஊன்றி, வடத்தை இழுத்துப்போய்க் கட்டிவிட்டு வந்து பொத்தானை அமுக்கினார். சேறும் சருகுமாகப் பன்றி மேடேறி வந்தது. பிறகு தரையைவிட்டு எழும்பியது. பிறகு வண்டிக்குள் இறங்கியது. அவருக்கு ஒரு சொட்டு வியர்க்கவில்லை.

"பாத்தியா மச்சான்," என்று திரும்பினார். பின்னால் செம்பனை மரங்கள்தான் நின்றன. அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

வெட்டிக் கூறு போட்டார். ஒரு ஆளுக்கு எவ்வளவு கறி வேண்டும்? தலையைத் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை வாழையிலையில் கட்டினார். இருப்பதிலேயே நல்ல தொடைக்கறியைத் தனியாக வைத்தார். அது செல்லாயிக்கு.

முதலில் பக்கிரி வீடு. பன்றி செத்ததே அவர் தோட்டத்தில். பக்கிரி சிரித்த முகமாக வந்து, "இன்னைக்கு விரதம்ண்ணே," என்றார். செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிற வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு மணத்தது. அடுத்த வீட்டில் டாக்டர் கறி கூடாது என்று சொல்லிவிட்டாராம். அதற்கடுத்த வீட்டில் ஃபிரிட்ஜில் இடமில்லையாம். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருத்தரும் கையை நீட்டவில்லை.

கடைசியில் செல்லாயி வீடு. அவள் வாசலுக்கு வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை அவர் பார்த்தார். கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்ததும் அது வாடியதையும் பார்த்தார்.

"உள்ள வாண்ணே. காப்பி போடறேன். அதை வண்டியிலயே வை."

"உனக்குத்தான் கொண்டாந்தேன். தொடைக்கறி."

"அவர் தூக்காத கறி இந்த அடுப்புல வேகாதுண்ணே."

"அவனை யாரு கேட்டா? உன் அண்ணன் நான் குடுக்கறேன், வாங்கிக்க."

"பங்குன்னா நீ வாசல்ல வச்சிட்டுப் போனாலும் எடுத்துக்குவேன். நீ குடுக்கறேங்கிறே. குடுத்து வாங்கித் திங்கிற அளவுக்கு அவர் என்னை வைக்கலையே."

தங்கையாவுக்குச் சுருக்கென்றது. அதை மறைக்கக் கோபத்தைக் கையில் எடுத்தார்.

"அப்ப அவனை வந்து வண்டியைத் தொட்டுட்டுப் போகச் சொல்லு. தொட்டாலும் தூக்கினதுதானே."

"அவர் என்ன, தடி ஊன்றி நடக்கிற கிழவியா? நீ ஒரு தடவை சொன்னது போதாதாண்ணே?"

வீட்டுக்குப் பின்னால் இருளப்பன் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி கேட்டது. ஆள் வரவில்லை. செல்லாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். காப்பி வரும் என்று தங்கையா நின்றார். பிறகு, தான் போனால்தான் அவள் அழுது முடிப்பாள் என்று தோன்றிப் புறப்பட்டார்.

வெயில் ஏறியது. வாடை வர ஆரம்பித்தது. தன் வீட்டுக் கொல்லையில் குழி தோண்டி அத்தனை கறியையும் போட்டு மூடினார். துப்பாக்கி பிடித்த இத்தனை காலத்தில் தின்கிற கறியை அவர் புதைத்ததில்லை.

கைகூடக் கழுவாமல் சாமியிடம் போனார்.

"என்ன அண்ணே, வின்ச் வேலை செய்யலையா?"

"பிரமாதமா வேலை செய்யுது சாமி."

"வண்டி சாயுதா?"

"சாயல."

"அப்புறம்?"

தங்கையா நடந்ததைச் சொன்னார். சாமி தண்ணீர் கொடுத்தார்.

"என் தங்கச்சி என்னைப் பிச்சை போட வந்தவன் மாதிரி நிறுத்திட்டா சாமி. தாங்க முடியல. நீங்க முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீங்க பன்னி தூக்குறதைப் பத்தித்தானே அண்ணே கேட்டீங்க?"

தங்கையா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்து ஸ்பேனரை எடுத்தார்.

"கழட்டி ஓடையில போட்டுடறேன்."

"எதுக்கு? உங்களுக்கும் வயசாச்சு, அவங்களுக்கும் வயசாச்சு. இனிமே ஓடையிலிருந்து தோள்ல தூக்கினா யாருக்காவது முதுகு போயிரும். தூக்குக் கை இருக்கட்டும். மோட்டாரை மட்டும் கழட்டுங்க."

கழற்றினார்கள். அதற்கே சாயங்காலம் ஆயிற்று. சாமி மறுபடி குச்சியை எடுத்துத் தரையில் வரைந்தார். வண்டியின் குறுக்கே ஒரு உருளை. அதில் வடம். உருளையின் இந்த முனையில் ஒரு கைப்பிடி, அந்த முனையில் ஒரு கைப்பிடி.

தங்கையா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை ஒரு ஆள் சுத்த முடியாதே சாமி."

"முடியாது."

"இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன் நிக்கணும்."

"ஆமா. மூஞ்சியைப் பாத்துக்கிட்டே சுத்தணும். இல்லாட்டி ஒருத்தர் வேகமாவும் ஒருத்தர் மெதுவாவும் போயி வடம் சிக்கிக்கும்."

"இருளப்பன் வந்தா மத்தவனுங்களும் வருவானுங்க. அவன் வராம யாரும் வரமாட்டானுங்க. அவன்தான் வரணும்."

"வரட்டும்."

"அவன் என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்கிறான் சாமி. வரலைன்னா?"

"பன்னி தரையிலயே கிடக்கும்."

"கிடந்தா?"

"நீங்க போய்க் கூப்பிடுவீங்க."

தங்கையா யோசித்தார். பன்றி கிடக்கும் இடத்திலிருந்து இருளப்பன் வீடு, அங்கே போய் நிற்பது, என்ன சொல்வது, அவர் என்ன சொல்வார், திரும்பி வருவது. எல்லாவற்றையும் மனசுக்குள் நடந்து பார்த்தார்.

"அதுக்குள்ள வெயில் ஏறி கறி கெட்டுப் போகுமே சாமி."

"போகும்," என்றார் சாமி. "அதனால பன்னியைச் சுட்ட பிறகு போகாதீங்க அண்ணே. முன்னாலேயே போயிடுங்க."