கைவண்டி நனையாமல் காத்த மூவர்

மாசிலாமணிக்கு மூளை உண்டு என்று மாசிலாமணியே ஊருக்குச் சொல்லியிருந்தான். அதை மறுக்கிற அளவுக்கு எட்டியப்பனிடமும் சம்மந்தத்திடமும் சரக்கு இல்லை. ஆகவே மூவரில் அவன்தான் மேஸ்திரி.

அவர்கள் வேலை செய்த நிலத்துக்குச் சொந்தக்காரி அங்கயற்கண்ணி, புதிதாக ஒரு கைவண்டி வாங்கினாள். அன்று அவள் ஆரணியில் கல்யாணம் ஒன்றுக்குப் போகவேண்டியிருந்தது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சொன்னாள்:

"மழை வரும்போல இருக்கு. களத்துல கிடக்கிற இருபது கடலை மூட்டையையும் வண்டியில ஏத்திக் கொட்டகையில சேத்துடுங்க. இந்த வருசத்துச் சோறே அதுதான். வண்டி புதுசு, நனைய விடாதீங்க. இறக்கத்துல உருண்டு ஓடிடாம சக்கரத்துக்குக் கல்லு வைங்க."

களத்திலிருந்து கொட்டகை வரைக்கும் இறக்கம்தான். ஒரு மூட்டையை ஏற்றி, சக்கரத்துக்குக் கல்லை வைத்து, மூவரும் இழுத்தார்கள். வண்டி அசையவில்லை.

"கல்லு நல்லா வேலை செய்யுது," என்றான் எட்டியப்பன்.

"கல்லை எடுத்துட்டு இழுத்தா?" என்று கேட்டான் சம்மந்தம்.

மாசிலாமணி அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "அக்கா வைக்கத்தான் சொன்னாங்க."

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்து ஒரு வழி கண்டுபிடித்தான். எட்டியப்பனும் சம்மந்தமும் வண்டியை மூட்டையோடு தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மாசிலாமணி, பொறுப்பான வேலை என்பதால், கல்லைச் சக்கரத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே கூட ஓடினான்.

மூன்று மூட்டை போய்ச் சேர மதியமாகிவிட்டது. எட்டியப்பனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"முன்னெல்லாம் மூட்டைய மட்டும் தூக்குனோம். இப்ப வண்டியையும் சேத்துத் தூக்குறோம்."

"அதுக்குப் பேருதான் முன்னேற்றம்," என்றான் மாசிலாமணி.

அப்போது மழை பிடித்தது. வண்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்கள். உள்ளே மூன்று மூட்டையும் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தன. ஒவ்வொன்றாக வெளியே உருட்டிவிட்டு வண்டியை உள்ளே வைத்தார்கள். கூரை ஒழுகியது. களத்தில் மற்ற மூட்டைகளின் மேல் கிடந்த தார்ப்பாயை உருவி வந்து வண்டிக்குப் போர்த்தினார்கள். பிறகு மழையிலேயே நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கினதுபோல மாசிலாமணிக்கு மனசு குளிர்ந்தது.

சாயங்காலம் வந்த அங்கயற்கண்ணி, தண்ணீரில் ஊறிக் கிடந்த மூட்டைகளைப் பார்த்தாள்.

"நீங்க வண்டியைத் தொட்டுப் பாருங்கக்கா, ஒரு சொட்டு ஈரம் இருக்காது," என்றான் மாசிலாமணி.

"இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் மூவரும் கலந்து பேசினார்கள்.

"வேலைக்கு வர வேணாம்னு சொன்னாங்களா?" என்றான் மாசிலாமணி.

"இல்லையே."

"அப்ப வரணும். முழிக்கத்தான் கூடாது."

மறுநாள் காலையில் மூவரும் கண்ணைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வந்தார்கள். கொட்டகைப் பக்கம் தடவிக்கொண்டே போன மாசிலாமணியின் முகத்தில் சூடாக மூச்சுக் காற்றுப் பட்டது. சட்டென்று கைகட்டி நின்றான்.

"அக்கா, உங்க மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லிட்டீங்கன்னா, நாங்க அடுத்த பக்கம் திரும்பி நின்னு முழிச்சுக்குவோம்."

கொட்டகையோரம் கட்டியிருந்த எருமை ஒன்றும் சொல்லாமல் அசைபோட்டது.

"கோவம் இன்னும் தணியலை," என்று மாசிலாமணி மற்ற இருவரிடமும் ரகசியமாகச் சொன்னான். "பல்லைக் கடிக்கிறாங்க."