அரை நொடியும் பிளசியின் காலும்

தூத்துக்குடி மெல்லிசைக் குழுத் தலைவர் கிருபாநிதி வெளிநாட்டிலிருந்து, கிட்டாரின் சத்தத்தை மாற்றித்தரும் ஒரு டிஜிட்டல் பெட்டியை வரவழைத்தார். பத்து ஆம்ப்ளிஃபயர்களின் சத்தம் அதற்குள்ளேயே இருந்தது. ஆனால் மெல்லிய சத்தத்திலிருந்து முரட்டுச் சத்தத்துக்கு மாற்ற அதன் கால் பெடலை மிதித்தால், நடுவில் அரை நொடி ஒன்றுமே கேட்காது.

"மெஷின் சுத்தம். உன் கால்தான் மந்தம்" என்று கிட்டார் வாசிக்கும் பிளசியிடம் எரிந்து விழுந்தார். "சாயங்காலக் கச்சேரியில இடைவெளி விழுந்துச்சுன்னா நீ குழுவுல கிடையாது."

பிளசி அசரவில்லை. "அப்ப நீங்களே மிதிங்கண்ணே. நான் கையை நிறுத்தாம வாசிக்கேன்."

எல்லார் முன்னாலும் அவர் மிதித்தார். அவள் கை ஓடிக்கொண்டே இருந்தது; சத்தம்தான் நின்று வந்தது. டிரம்ஸ்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிளசி பெட்டியோடு மல்லுக்கட்டினாள். ஒரு சத்தத்தை அணைத்து இன்னொன்றை எழுப்புவதால்தானே தாமதம்? இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டு, பெடலால் ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டுகிற மாதிரி வைத்தாள்.

மேடையில் சத்தம் எங்கேயும் அறுபடவில்லை. கைத்தட்டல் அடங்குமுன்னே கிருபாநிதி மைக்கைப் பிடித்தார்: "எப்படி நம்ம மெஷின்!"

பிளசியும் மைக்கை இழுத்தாள்.

"மெஷின் அண்ணனோடதுதான். அந்த மந்தமான கால் மட்டும் என்னோடது."