பூமி வருது, தள்ளிக்கோ

ஒரு ராஜா இருந்தாரு. சும்மா இருக்கல. சும்மா இருந்திருந்தா கதை ஏது?

பேரு திருமலைக்கொழுந்து ராஜா. யாராவது புதுசா ஒண்ணு சொல்லிட்டா போதும், மனுசன் வெண்ணெயா உருகிடுவாரு. அப்படித்தான் ஒருநாள் வேதாசலம்னு ஒரு வித்தகர் சபைக்கு வந்தாரு. தொண்டையைச் செரும மட்டும் அரை நாழிகை எடுத்துக்கிட்டு, மூக்கால ஆரம்பிச்சாரு.

"மன்னவா, பூமி உருண்டை அன்று. தோசைக்கல் போல் தட்டை. அது மேலே மேலே போகிறது. போகப் போக வேகமும் கூடுகிறது. ஆகையால் எந்தப் பொருளும் விழுவதே இல்லை. பூமிதான் வந்து முட்டுகிறது."

ராஜாவுக்குப் புல்லரிச்சுப் போச்சு. சபையில குப்பாண்டின்னு ஒரு விகடக்காரன் உண்டு. அவனுக்கு வாயி அரிச்சுது. நாம மேல போறது நமக்கே தெரியலையேன்னு கேட்டான். கண்ணை மூடிக்கிட்டு ஓடத்துல உக்காந்தா ஓடம் போறது தெரியுமான்னு வித்தகர் மடக்குனாரு. சீரா போனா தெரியாது, வண்டிக்காரன் மாட்டை முடுக்கி வேகம் கூட்டினா முதுகைப் போட்டுத் தள்ளுமேன்னான் குப்பாண்டி.

வித்தகர் சிரிச்சாரு. "அந்தத் தள்ளுதலைத்தானப்பா உன் உடம்பின் கனம் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறாய்."

குப்பாண்டி ஒரு காலைத் தூக்கி, திரும்ப ஊனிப் பாத்தான். தள்ளுறதும் கனமும் நிக்கிறவனுக்கு ஒண்ணாத்தான் தெரியும்போல.

ராஜா விடுவாரா? மறுநாளே தண்டோரா. இனிமே நாட்டுல யாரும் ‘விழுது’, ‘விழுந்துச்சு’ன்னு சொல்லப்படாது. சொன்னா பன்னெண்டு கசையடி.

ஊரு தடுமாறிப் போச்சு. ஒரு பெரியவருக்குக் கடைசிப் பல்லு போச்சு. யாரோ விசாரிச்சாங்க. "பூமி வந்து வாங்கிட்டுப் போயிருச்சு தம்பி"ன்னாரு.

இப்படி இருக்கையில, அரண்மனைத் தோப்புல தேங்கா வெட்டுற இசக்கி மரத்து மேல இருந்தான். மரமேறிங்களுக்கு ஒரு வழக்கம். குலையை அறுக்கிறதுக்கு முன்னாடி "தேங்கா விழுது, தள்ளிக்கோ"ன்னு கத்தணும். கத்தாம அறுத்தா குத்தம். இசக்கி வாயைத் திறந்தவன், கசையடி ஞாபகம் வந்து மென்னு முழுங்கினான். அப்புறம் சட்டப்படியே கத்தினான். "பூமி வருது, தள்ளிக்கோ."

கீழ வேதாசலம் உலாத்திக்கிட்டு இருந்தாரு. மரமேறி வரைக்கும் நம்ம சித்தாந்தம் போயிருச்சேன்னு மனசு குளிர்ந்து, பூமி வர்ற அழகைக் குனிஞ்சு பாத்தாரு. இசக்கி ரெண்டாம் தடவையும் கத்திட்டு அறுத்தான்.

டொம்முன்னு ஒண்ணு. நல்லவேளை, இளங்காய். தலைப்பாகையும் தடிமன். ஆனாலும் உச்சந்தலையில ஒரு கொழுக்கட்டை முளைச்சிருச்சு.

கொழுக்கட்டையோட சபைக்கு வந்தாரு வித்தகர். இசக்கி மரம் ஏறுற தளைநாரை எரிக்கணும், ஆளை நாட்டை விட்டே துரத்தணும்னாரு. இசக்கிக்கு உசுரே போயிருச்சு. அந்தக் கால் வளையத்தை எரிச்சா அவன் வீட்டு அடுப்பு எரியாது. வேற தொழிலும் தெரியாது. கும்பிட்ட கையை எடுக்காம குப்பாண்டியைப் பாத்தான்.

குப்பாண்டி எழுந்தான். வித்தகர் மாதிரியே அரை நாழிகை செருமினான். "ஐயா, இவன் காம்பை அறுத்ததும் தேங்காய் என்ன பண்ணுச்சு?"

வித்தகர் நாக்கு ‘வி’ வரைக்கும் போயி, கசையடிக்காரனைப் பாத்துத் திரும்பி வந்துச்சு. "சும்மா நின்றது."

"முட்டுனது?"

"என் தலை."

சபை ஓரமா கிசுகிசுன்னு சிரிச்சுது. ஆனா வித்தகர் லேசுப்பட்ட ஆளா? அதுவரைக்கும் தேங்காயும் மரத்தோட வேகம் கூட்டிக்கிட்டுத்தான் வந்துச்சாம். இவன் காம்பை அறுத்து அதை அம்போன்னு விட்டுட்டானாம். பூமி மட்டும் வேகம் கூட்டிக்கிட்டே போயி இவர் தலையைக் கொண்டு போயி முட்ட வச்சிருச்சாம். போற வழியில பாறாங்கல்லை வச்சவனுக்குத் தண்டனை கிடையாதான்னு கேட்டாரு.

ராஜா தலையாட்டினாரு. இதுலயும் மடக்க முடியாதுன்னு குப்பாண்டிக்குத் தெரிஞ்சுபோச்சு. பேச்சைத் திருப்பினான். "இவன் எச்சரிக்கை குடுத்தானே, நீங்க ஏன் தள்ளிக்கல?"

"அது ஒரு எச்சரிக்கையா? ‘பூமி வருது’ என்றால் மேலே பார்க்கவேண்டும் என்று எவனுக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. இந்தச் சபையில் ஒருவருக்கும் தெரியாது."

"அதுவும் நியாயம்தான்"னாரு ராஜா. எச்சரிக்கை செல்லாதுன்னா இசக்கி தொலைஞ்சான். தீர்ப்பு சொல்ல வாயைத் திறந்துட்டாரு.

குப்பாண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு தன் இடத்துக்கு நடந்தான். நாலு அடி வச்சவன், சட்டுனு திரும்பி, இசக்கி குரல்லயே அடிவயித்துலேர்ந்து கத்தினான். "பூமி வருது, தள்ளிக்கோ."

அடுத்த நொடி வித்தகர் நின்ன இடத்துல இல்லை. ரெண்டு கையாலயும் தலையைப் பொத்திக்கிட்டு தூணுக்குப் பின்னாடி நிக்கிறாரு. கண்ணு ரெண்டும் உத்தரத்துல.

சபையே அவரைப் பாத்துச்சு. அவரு இன்னும் மேலதான் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"மகாராஜா, எச்சரிக்கை நல்லா வெளங்குது"ன்னான் குப்பாண்டி.

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கிச்சு. இசக்கி போகலாம்னு கையைக் காட்டிக்கிட்டே சிரிக்கிறாரு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறாரு, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாரு. சிரிச்ச சிரிப்புல கிரீடம் கழண்டு, படியில டணங்கு டணங்குன்னு உருண்டு, தரையில போயி நின்னுச்சு.

என்ன நடந்துச்சுன்னு சொல்ல யாருக்கும் முதுகு துணியல. மந்திரி விட்டத்தைப் பாத்தாரு. தளபதி நகத்தைப் பாத்தாரு. குப்பாண்டி மட்டும் கிரீடத்துப் பக்கத்துல போயி, குனிஞ்சு, பயபக்தியா கும்பிட்டான்.

"மகாராஜா, பூமாதேவி மேல வந்து உங்க கிரீடத்தை வாங்கிக்கிட்டாங்க. இனி நாட்டை யாரு ஆளுறதுன்னு அவங்களைத்தான் கேக்கணும்."

ராஜா சிரிப்பு சட்டுனு நின்னுச்சு. ரெண்டே தாவுல கீழ இறங்கி, கிரீடத்தை எடுத்துத் தலையில அழுத்திக்கிட்டாரு.

"யாருய்யா வாங்கினது? அதுவா விழுந்துச்சுடா."