ஆள்காட்டிக்கு வந்த பங்கு

அந்தக் காலத்துல மனுசன் பேசுறது பறவைக்கும், பறவை பேசுறது மனுசனுக்கும் விளங்குச்சு. அதனால ரெண்டு பேருக்கும் பெருசா ஒண்ணும் லாபம் இல்லை.

அப்ப மலையடிவாரத்துல ஒரு வேட்டைக்காரக் குடி இருந்துச்சு. அதுல கொம்பையான்னு ஒருத்தன். வில்லை எடுத்தா குறி தப்பாது. ஆனா குறி வைக்கிற தூரத்துக்கு அவன் போய்ச் சேர்ந்ததே கிடையாது. சருகை மிதிப்பான், சுள்ளியை ஒடிப்பான், காத்து எங்கிருந்து அடிக்குதுன்னு பார்க்க மாட்டான். அவன் வேட்டைக்குக் கிளம்புற சேதி அவன் பொண்டாட்டி சடச்சிக்கு முன்னாடி மானுக்குத் தெரிஞ்சிரும்.

அந்தக் குடியில ஒரு வழக்கம். பிள்ளை பொறந்தா, அப்பன்காரன் தன் கையால ஒரு மானை அடிச்சு ஊருக்குப் பங்கு வைக்கணும். அதுக்கப்புறம்தான் பிள்ளைக்குப் பேரு. பேர் இல்லாத பிள்ளைக்கு ஊர்க்கறியில பங்கும் கிடையாது. கொம்பையா மக பொறந்து, தவழ்ந்து, நடந்து, இப்ப ஆட்டுக்குட்டியை விரட்டிக்கிட்டுத் திரியுறா. இன்னும் பேரு இல்லை. "ஏ புள்ள"ன்னுதான் கூப்பிடுவாங்க. ஊர்ல யார் எந்தப் புள்ளையைக் கூப்பிட்டாலும் அவளும் திரும்பிப் பார்ப்பா. கறி பங்கு வைக்கிற அன்னைக்குக் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு ஓரமா நின்னு வேடிக்கை பார்ப்பா. அன்னைக்கு மட்டும் கொம்பையா வீட்டுப் பக்கமே வர மாட்டான்.

சடச்சியோட தம்பி மாடக்கண்ணு ஒருநாள் சொன்னான்: "மச்சான், நாளைக்குப் பொண்ணு பார்க்க வந்தா பேரைக் கேப்பாங்களே, என்ன சொல்ல? நீங்க மெதுவாவே யோசிங்க, இன்னும் காலம் கிடக்கு."

கொம்பையா வில்லை எடுத்துக்கிட்டு வெளிய போனான்.

மலைக்குக் கீழ ஒரு சரளைப் பொட்டல். அங்க நீளமான மஞ்சக் காலோட, கண்ணோரம் சிவப்புத் தோல் வச்ச ஒரு குருவி நடந்து திரியும். ஊர்ல அதைச் சரளைக்குருவின்னு சொல்லுவாங்க. அது நடந்தா கல்லோட கல்லு கூட உரசாது. பேசினாலும் காதைக் கிட்டக் கொண்டு போனாத்தான் கேக்கும். கொம்பையா அதுகிட்டப் போய், நடக்கக் கத்துக்கொடுன்னு கேட்டான். இந்த வயசுலயான்னு அது கேட்டுச்சு. அவன் மகளைப் பத்திச் சொன்னான். கேட்டுட்டு அது ஒத்துக்கிச்சு. ஒரே ஒரு நிபந்தனை. தான் முட்டை வச்சிருக்கிற காலத்துல அவன் பொட்டல்ல கால் வைக்கக் கூடாது. கூடு கட்டுற பழக்கம் அதுக்கு இல்லை. வெறும் தரையில, கல்லோட கல்லா முட்டை போடும். கொம்பையா சரின்னு கையடிச்சுக் கொடுத்தான்.

அப்புறம் அது எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்துச்சு. புழுதியைக் கிள்ளித் தூவிக் காத்தைப் பாரு, காத்து உன் மூஞ்சியில அடிக்கிற மாதிரிப் போ. மான் தலை கீழ இருக்கும்போதுதான் நகரணும். அது வாலை ஆட்டுச்சுன்னா அடுத்துத் தலையைத் தூக்கப் போகுது, அப்படியே நில்லு. கண்ணை மானை விட்டு எடுக்காத, தரையைக் காலே பார்த்துக்கும். காலுக்குக் கீழ எதாவது தட்டுப்பட்டா வெடுக்குன்னு எடுக்காத. பாரத்தை மெல்ல மெல்ல இறக்கு, சத்தம் வராது.

கோடை வந்துச்சு, குருவி முட்டை போட்டுச்சு. ஒரு காலையில கொம்பையா ஒரு புள்ளிமான் பின்னாடி போனான். அது பொட்டலைத் தாண்டி, ஓடையோரப் பசும்புல்லுல மேய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அவன் பொட்டல் விளிம்புல நின்னான். கொடுத்த வாக்கு ஞாபகம் இருந்துச்சு. சுத்திப் போகலாம். ஆனா சுத்திப் போனா காத்து அவன் வாடையை நேரா மானுக்குக் கொண்டு போயிரும். புழுதியைத் தூவிப் பார்த்தான். குருவி சொன்னது சரியாத்தான் இருந்துச்சு.

குருவி முட்டையை விட்டு எந்திரிச்சுக் கொஞ்ச தூரத்துல நின்னு அவனைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. இவன் திரும்பிருவான்னு அது நினைச்சுது. கத்தியிருக்கலாம். ஆனா அது வரைக்கும் அது கத்தினதே இல்லை.

மான் தலையைக் குனிஞ்சுது. கொம்பையா பொட்டல்ல கால் வச்சான். வால் ஆடுச்சு, நின்னான். தலை குனிஞ்சுது, நகர்ந்தான். நடுவுல ஒரு இடத்துல காலுக்குக் கீழ வழவழன்னு ஏதோ தட்டுப்பட்டுச்சு. அவன் குனிஞ்சு பார்க்கலை. காலை வெடுக்குன்னு எடுக்கலை. பாரத்தை மெல்ல மெல்ல இறக்கினான். சத்தமே வரலை. அம்பு போச்சு, மான் விழுந்துச்சு.

"அண்ணே, காலை எடு"ன்னு பக்கத்துல ஒரு குரல் கேட்டுச்சு.

எடுத்தான். நாலு முட்டையில ஒண்ணு கூடத் தேறலை.

கொம்பையாவுக்குத் தெரிஞ்சதெல்லாம் வேட்டை நியாயம் ஒண்ணுதான். அந்த நியாயப்படி, தடம் காட்டினவங்களுக்கு ஒரு தொடை. ஊர்ப் பங்குக்கு முன்னாடி அதை எடுத்து வச்சிரணும். அவன் போய் மானோட பின்னந்தொடையை அறுத்துக் கொண்டுவந்து, உடைஞ்ச முட்டைக்குப் பக்கத்துல இலை விரிச்சு வச்சான். நல்ல தொடையாப் பார்த்துத்தான் வச்சான்.

"உன் பங்கு, தாயி. கொம்பையா பங்கு தப்பமாட்டான்."

குருவி கறியைப் பார்த்துச்சு. புழுவும் பூச்சியும் தின்கிற பறவை அது.

"உன் காலுல சத்தம் இல்லாமப் பண்ணினவ நான். இனிமே உன் காலுக்குச் சத்தம் நான்தான்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் பறந்துச்சு. பறந்துக்கிட்டே கத்துச்சு. அப்படி ஒரு கத்தலை அந்தக் காடு கேட்டதில்லை. மூணு மலைக்கு அந்தப் பக்கம் இருந்த மானெல்லாம் தலையைத் தூக்குச்சு.

ஊர்ல கறி பங்கு வச்சாங்க. கொம்பையா மகளுக்குப் பேரும் வச்சாங்க. அவ தன் பங்கை ரெண்டு கையிலயும் ஏந்தி வாங்கிக்கிட்டா. ஒரு தொடை குறையுதேன்னு மாடக்கண்ணு கேட்டான். அதுக்கப்புறம் அவனும் சரி, அந்த ஊர்ல வேற யாரும் சரி, ஒரு மானையும் நெருங்கினதில்லை. அடுத்துப் பொறந்த பிள்ளைகளுக்குக் கோழி போதும்னு ஊரே கூடி முடிவு பண்ணிருச்சு.

அன்னையில இருந்துதான், எவ்வளவு பதுங்கிப் போனாலும், பொட்டக்காட்டுல மனுசன் கால் வச்ச உடனே அந்தக் குருவி தலைக்கு மேல வட்டம் போட்டுக் கத்துது. நாமளும் அதைச் சரளைக்குருவின்னு சொல்றதை விட்டுட்டு, ஆள்காட்டின்னு சொல்றோம்.