கோடுகளுக்கு நடுவே

தாணுமாலயன் வாத்தியாருக்கு வயது ஐம்பத்தாறு. அவர் குருவாக வரித்துக்கொண்ட ஜெபசெல்விக்கு முப்பத்தொன்று. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். அவருடைய ஆய்வகத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற ஒரே ஆள் வாத்தியார்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டுமே, படிக்க வந்தவனுக்கு வெட்கம் எதற்கு?

அந்தச் சனிக்கிழமை மட்டும் அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"பன்னிரண்டாம் வகுப்புல காந்தப்புலம் நடத்தினேன் மேடம். காந்தத்தைச் சுத்திப் பத்துக் கோடு போட்டேன். ஒரு பிள்ளை எந்திரிச்சு, ரெண்டு கோட்டுக்கு நடுவுல புலம் இருக்குமா சார்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"இருக்காதுன்னுட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைச்சுது. திங்கக்கிழமை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள போக? ஆறாம் வகுப்புக்கே மாத்திவிடச் சொல்லி ஹெச்.எம்.முக்கு எழுதிட்டேன்."

சட்டைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். ஜெபசெல்வி அதை வாங்கினார். மேசையில் ஒரு சட்டக் காந்தத்தை வைத்து, அதன்மேல் அந்தத் தாளையே குப்புறப் போட்டார். காந்த ஊசியையும் பென்சிலையும் நீட்டினார்.

"கோட்டுக்கு நடுவுல ஊசி திரும்பாம சும்மா கிடக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சு வைங்க சார். நான் சாப்பிட்டுட்டு வாறேன்."

திரும்பி வந்தபோது தாள் முழுக்க அம்புக்குறிகள். வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் முகத்தில் களை வந்திருந்தது.

"ஒரு எள்ளு தள்ளி வச்சாலும் திரும்புது மேடம். சும்மா கிடக்கிற இடமே அகப்படல. அப்போ கோடு எதுக்கு?"

"எல்லா இடத்துலயும் போட்டா தாள் கறுத்துப்போகும். பிறகு எதைப் பார்க்க?"

வாத்தியார் சிரித்துவிட்டார். உடனே அடுத்த சந்தேகம் வந்தது.

"ஊசியை எடுத்துட்டா அங்க ஏதாவது மிச்சம் இருக்கா? இல்ல, நாம கணக்குக்காகச் சொல்லிக்கிறதா?"

"திரும்ப வைங்க."

வைத்தார். ஊசி திரும்பி நின்றது.

"ஊசி காந்தத்துக்கிட்ட போய்க் கேட்டுட்டு வந்துதான் திரும்பிச்சா?"

"இல்ல. வச்ச இடத்துலயே புலம் இருந்திருக்கு." வாத்தியார் ஊசியை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தின் வெறும் காற்றைப் பார்த்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை நினைவுக்கு வரும்வரை.

"அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாண்டாம். ஊசியை அவ கையில கொடுங்க."

"நான் சொன்னது தப்புன்னு வகுப்பு முழுக்கப் பார்க்குமே."

"காந்தத்தையே கேக்காத ஊசி, சார். வாத்தியாரையா கேக்கப்போகுது?"