இருக்கச் சொன்ன நாய்

“என் நாய் வீட்டுல சொன்னபடி கேக்கு. காட்டுல கேக்க மாட்டேங்கு” என்றான் வெயிலுகந்தான்.

அவன் முயல் வேட்டைக்காரன். வயது ஐம்பது. நாய் பழக்கும் ஆவுடைக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றான்.

அவன் காலடியில் அந்த நாய், மயிலை, உட்கார்ந்திருந்தது. ஒல்லி உடம்பு, நீள மூஞ்சி, சாம்பல் நிறம்.

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“இதுக்கு ஒரு அண்ணன் இருந்தான், செம்பன். போன மாசம் காட்டுல ‘இரு’ன்னு உட்கார வச்சிட்டு ஓடைக்குத் தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தா ஆளக் காணும். பாழுங்கிணத்துக்குள்ள செத்துக் கெடந்தான்.”

ஆவுடை குனிந்து மயிலையின் கண்ணைப் பார்த்தாள்.

“இனி இது ஒண்ணுதான் தாயி. இதையும் அந்தக் கிணத்துக்குக் குடுக்க என்னால முடியாது.”

“வீட்டுல எப்படிச் சோறு வைப்பீங்க?”

அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. செய்தே காட்டினான். மயிலையைப் பார்த்து “இரு” என்றான். பத்தடி தள்ளிப் போய்த் தொண்டையைச் செருமினான்.

“மயிலை, வா!”

மயிலை பாய்ந்து வந்தது.

“பாத்தீங்களா?”

“பாத்தேன். அது இருக்கலையே.”

“பின்னே என்ன செஞ்சுதாம்?”

“உங்க குரல் எப்ப வரும்னு பாத்துக்கிட்டிருந்துச்சு.”

“நாய்னா அப்படித்தானே தாயி?”

ஆவுடை தன் கறுப்பு நாயிடம் “இரு” என்றாள். வீட்டுக்குப் பின்னால் போனாள். இரண்டு குடம் தண்ணீர் இறைத்தாள். துணி உலர்த்தினாள். பிறகு நாயிடம் நடந்து வந்து அதன் காதைத் தொட்டாள்.

அப்போதுதான் அது எழுந்தது.

“இருக்கச் சொன்ன நாயை நான் கூப்பிடுறதே இல்ல. நானே போய்த் தொடுவேன்.”

“ஒவ்வொரு தடவையும் நடக்கணுமா? எனக்கு மூட்டு வலி.”

“அப்போ கோழி வளத்துங்க.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“ஒரு வாட்டி கூப்பிட்டுட்டா என்ன கெட்டுப் போகும்?”

“கூப்பிடுறது நீங்க ஒருத்தர்தானா அண்ணாச்சி?”

அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டான்.

ஒரு மாதம் நடந்தான். முதலில் தன் வீட்டு முற்றத்தில். பிறகு கோழி மேயும் தெருவில். பிறகு ஆட்டு மந்தை போகும் பாதையில். சொல்லிவிட்டுப் போவான், திரும்பி வந்து தொடுவான்.

“நாய் சொகமா உக்காந்திருக்கு. உங்களைத்தான் அந்தப் பிள்ளை பழக்குறா” என்று அவன் மனைவி கேலி செய்தாள்.

மாதக் கடைசியில், முயலுக்குப் பின்னால் பாய்ந்து ஓடும்போது “இரு” என்றாலும் மயிலை அந்த இடத்திலேயே உட்கார்ந்தது. அவன் மூச்சு வாங்க நடந்து போய்த் தொட்டான்.

“இனிக் கிணத்துக் காடுதான்” என்றாள் ஆவுடை.

உச்சி வெயில். கரிசல் மண் வெடித்துக் கிடந்தது. சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணறு தரையோடு தரையாக வாயைத் திறந்திருந்தது. நூறடி தள்ளி நின்றார்கள்.

“மயிலையை இருக்கச் சொல்லுங்க.”

“இரு.”

“நீங்களும் இருங்க.”

“நானுமா?”

“நான் வந்து தொடுற வரைக்கும்.”

அவன் நாயின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவனுக்குப் பின்பக்கமாக நடந்து போனாள். காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

காற்று நின்றது. உடைமரத்தில் கத்திக்கொண்டிருந்த தவிட்டுக் குருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கின.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“மயிலை, வா!”

கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வெயிலுகந்தானின் குரல்.

அவன் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தான். மூடியிருந்தது.

மயிலை அவன் முகத்தைப் பார்த்தது. கிணற்றைப் பார்த்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியது.

‘போகாதே’ என்று கத்த வாயெடுத்தான். ஒரே குரல் இரண்டு பக்கமிருந்து கேட்டால் நாய் எதை நம்பும்? பல்லைக் கடித்துக்கொண்டான்.

“வா மயிலை, சோறு” என்றது குரல். அவன் வீட்டில் சொல்கிற அதே செல்லத்தோடு.

தூக்கிய கால் நடுங்கியது. பிறகு மெல்ல இறங்கி, எடுத்த இடத்திலேயே ஊன்றியது.

அவன் கண் நிறைந்தது. செம்பன் சொல்லை மீறிப் போகவில்லை. கூப்பிட்டதும் வந்திருக்கிறான்.

எழுந்து போய்க் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. என் குரலை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பது யார்? அவன் உடம்பு முன்னால் சாய்ந்தது.

மயிலை அசையாமல் இருந்தது.

அவனும் இருந்தான்.

நிழல் ஒரு சாண் நீண்ட பிறகு, முதுகுக்குப் பின்னால் ஆவுடையின் குரல் கேட்டது.

“போதும் அண்ணாச்சி. எந்திரிங்க, போவோம்.”

அவன் எழவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

“கால் மரத்துப் போகலையா உங்களுக்கு?” குரல் இன்னும் கிட்டத்தில் வந்தது.

அவனும் நாயும் நேரே பார்த்தபடி இருந்தார்கள்.

மயிலையின் காதை ஒரு கை தொட்டது. அது எழுந்து உடம்பை உதறியது.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

தோளில் கை விழுந்தது. வெயிலில் நடந்து வந்த கை. சூடாக இருந்தது.